பெட்டி வந்து எறங்குது, ரேக்குக்குப் போகல

கோவில்பட்டியில 1991-ல இருந்து மெடிக்கல் வெச்சிருக்கேன், எனக்கு இப்ப வயசு 58. ரெண்டு வருசம் முன்னாடி மார்கழியில ஒரு நாள், தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க காலி அட்டையை நீட்டுனாங்க, சுகர் மாத்திரை, டாக்டர் புதுசா மாத்திக் குடுத்திருக்காரு போல. நான் அட்டையைத் திருப்பிப் பாத்துட்டு "இது இன்னும் வரலையேக்கா, ரெண்டு நாள் ஆகும்"னேன். பின்னாடி நின்ன கடைப் பையன் ஒண்ணும் பேசாம என் தோளுக்கு மேல கையை நீட்டி மூணாவது தட்டுல இருந்து ஒரு அட்டையை எடுத்து கவுண்டர்ல வெச்சான். அந்தப் பெட்டியைப் பிரிச்சு பில்லோட சரிபாத்து அதே தட்டுல அடுக்குனதே நான்தான், முந்தாநாள்.

அந்த வாரத்துல அது மூணாவது தடவை. அக்கா சிரிச்சுட்டுப் போயிட்டாங்க, பையன் அவன் பாட்டுக்கு அடுத்த ஆளைப் பாத்தான், எனக்கு மட்டும் வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு. ஏன்னா எங்க அப்பா கடைசி அஞ்சு வருசம் சாப்ட கையை கழுவிட்டு வந்து "இன்னும் சோறு போடலையா"ன்னு கேட்டவரு. அவருக்கும் இப்படித்தான் சின்னச் சின்னதா ஆரம்பிச்சது.

ஒரு விசயம் மட்டும் எனக்குப் புரியாம இருந்துச்சு. பழசு எதுவும் போகல. 1993-ல திருநெல்வேலி ஸ்டாக்கிஸ்ட் ஆபீஸ் லேண்ட்லைன் நம்பர் இன்னைக்கும் சொல்லுவேன், அப்ப எந்த இருமல் மருந்து என்ன வெலைன்னு சொல்லுவேன், கம்பெனியே மூடிப்போன மாத்திரையெல்லாம் எந்த ரேக்குல இருந்துச்சுன்னு கண்ணை மூடிக்கிட்டு காட்டுவேன். புதுசா வர்றதுதான் ஒட்ட மாட்டேங்குது. எங்க தொழில்ல வாரத்துக்கு பத்து பதினஞ்சு புதுப் பேரு வரும், ஒரே மருந்தை நாப்பது கம்பெனி நாப்பது பேருல விடுவான், அந்தப் பேரு மனசுல நிக்கலேன்னா கவுண்டர்ல நிக்க முடியாது.

முதல்ல நான் பண்ணுன வேலை இருக்கே, அதைச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஞாபக சக்திக்குன்னு கேப்ஸ்யூல் விக்கிறோம்ல, பரீட்சை சமயத்துல அள்ளிட்டுப் போவாங்க, அதுல எவ்வளவு சத்து இருக்குன்னு எனக்கே தெரியும், இருந்தும் நானே ரெண்டு மாசம் முழுங்குனேன். ஒண்ணும் நடக்கல. அப்புறம் பி12, தைராய்டு ரெண்டும் டெஸ்ட் எடுத்தேன். இதை மட்டும் எல்லாருக்கும் சொல்லுவேன், மறதின்னு பயம் வந்தா மொதல்ல இந்த ரெண்டையும் பாத்துருங்க, கொறஞ்சிருந்தா சரி பண்ணக்கூடிய விசயம். எனக்கு ரெண்டும் சரியாத்தான் இருந்துச்சு.

கடைசியில மதுரையில ஒரு நியூரோ டாக்டர்கிட்ட போனேன். அவரு முப்பது மார்க்குக்கு ஒரு டெஸ்ட் வெச்சாரு, கடிகாரம் வரையணும், நூறுல இருந்து ஏழு ஏழா கழிக்கணும், அஞ்சு வார்த்தை சொல்லிட்டு வேற பேச்செல்லாம் பேசிட்டு கடைசியா அந்த அஞ்சையும் திருப்பிக் கேப்பாங்க. கழிக்கிறதெல்லாம் எனக்கு தண்ணி பட்ட பாடு, கடைக்காரன் இல்லையா. அந்த அஞ்சு வார்த்தையிலதான் மாட்டுனேன், ரெண்டுதான் வந்துச்சு. மொத்தம் 24. 26-ஓ அதுக்கு மேலயோ இருந்தா நார்மல்னாங்க.

சரி ஸ்கேன் எழுதப் போறாருன்னு பாத்தா அவரு கேட்டது "ராத்திரி எப்படித் தூங்குவீங்க?" நான் பெருமையா சொன்னேன், "பத்தரைக்கு கடை அடைச்சு பதினொண்ணரைக்கு சாப்ட்டு பன்னெண்டுக்குப் படுப்பேன் சார், நாலரைக்கு எந்திரிச்சிருவேன், எனக்கு அவ்வளவு தூக்கம் போதும்." அவரு என்னைய விட்டுட்டு என் வீட்டம்மாவைப் பாத்தாரு. அவ எதுவுமே பேசல, போனை எடுத்து ஒரு ரெக்கார்டிங்கைப் போட்டா. எனக்கே தெரியாது அவ அதை எடுத்து வெச்சிருந்தது. என் குறட்டைதான், மோட்டார் ஓடுற மாதிரி. திடீர்னு நின்னுருது. சத்தமே இல்ல. பேன் சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம் தண்ணிக்குள்ள முங்கி எந்திரிச்சவன் மாதிரி ஒரு பெரிய மூச்சு. "குறட்டை கூட பரவால்ல டாக்டர், இந்த நடுவுல நின்னுருது பாருங்க, நான் எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன், ஒரு தடவை இருபத்தெட்டு வரை எண்ணுனேன், முப்பது வந்தா தட்டி எழுப்பிரலாம்னு இருந்தேன்"னா. முப்பத்தோரு வருசம் பக்கத்துல படுத்திருக்கா, எத்தனை ராத்திரி இப்படி எண்ணுனாளோ தெரியல.

தூக்க டெஸ்ட்டுக்கு ஒரு ராத்திரி அங்கயே தங்கணும். நான் கட்டுனது 12,000 ரூபா. தலையில பசை வெச்சு வயரை ஒட்டுனாங்க, கண்ணு ஓரத்துல, தாடையில, நெஞ்சுல, கால்ல, நெஞ்சுக்கும் வயித்துக்கும் பெல்ட்டு, மூக்குல ஒரு குழா, விரல்ல ஆக்சிஜன் கிளிப். இத்தனையும் மாட்டிக்கிட்டு எவன் தூங்குவான்னு நெனச்சேன், தூங்கிட்டேன். போறவங்களுக்கு ஒரு சின்ன விசயம், அன்னைக்கு தலைக்கு எண்ணெய் தேய்ச்சுட்டுப் போகாதீங்க, வயர் ஒட்டாது, என்னைய ராத்திரி ஒம்பது மணிக்கு ஷாம்பு போட்டு குளிக்க வெச்சாங்க.

மறுநாள் டெக்னீசியன் தம்பி கம்ப்யூட்டர்ல என் மூளை ஓடுனதைக் காட்டுனான். 30 செகண்டுக்கு ஒரு பக்கமா வெட்டி வெச்சிருக்காங்க, ஒரு ராத்திரிக்கு எழுநூறு பக்கம் போல வருது. லேசான தூக்கத்துல சின்ன அலை ஓடிக்கிட்டு இருக்கும்போதே திடீர்னு ஒரு செகண்டு அளவுக்கு கடகடன்னு நெருக்கமா ஒரு கோடு கொத்து வருது, நடுவுல பெருத்து ரெண்டு முனையும் சிறுத்து. அதுக்குப் பேரு ஸ்லீப் ஸ்பிண்டில்னான். எங்க ஊரு பக்கம் நூல் மில்லு இருக்கிறதால ஸ்பிண்டில்னா எங்களுக்கு நல்லாவே தெரியும், நூல் சுத்துன கதிர், அச்சு அசல் அதே வடிவம்தான், அதனாலதான் அந்தப் பேராம். ஆழ்ந்த தூக்கத்துல வேற மாதிரி, பெரிய பெரிய மலை மாதிரி மெதுவான அலை, செகண்டுக்கு ஒண்ணு ரெண்டுதான் வரும். அந்த மலையை வேற ஒருத்தரோட ரெக்கார்டுல காட்டுனான், ஏன்னா என்னோடதுல தேடித்தான் எடுக்கணும். வளந்த ஆளுக்கு மொத்தத் தூக்கத்துல 15, 20 சதவீதம் இருக்க வேண்டிய ஆழ்ந்த தூக்கம் எனக்கு 3 சதவீதம். ஒரு மணி நேரத்துக்கு 34 தடவை மூச்சு தடைபடுது. 5-க்குக் கீழ இருந்தா சரி, 30 தாண்டுனா சிவியர். ஆக்சிஜன் ஒரு கட்டத்துல 78 சதவீதம் வரை எறங்கியிருக்கு.

நடக்குறது இதுதான். தூங்குனதும் தொண்டைச் சதை தளந்து மூச்சுக் குழாயை அடைச்சிருது, ஆக்சிஜன் எறங்குது, மூளை பதறிப் போயி ஒரு உலுக்கு உலுக்கி மூச்சை வாங்க வெக்கிது. நமக்கு முழிப்பு வந்ததே தெரியாது. ஆனா ஒவ்வொரு உலுக்குலயும் ஆழத்துக்கு எறங்கப் போன தூக்கம் திரும்ப மேல வந்துருது. ராத்திரி பூரா 180 தடவை.

சரி, ஆழ்ந்த தூக்கம் இல்லேன்னா மாத்திரை பேரு ஏன் மறக்கணும்? இதை எனக்குப் புரிய வெச்சது என் மக. பயோடெக் படிச்சவ, தினம் ராத்திரி போன்ல ஒவ்வொரு ஆராய்ச்சியா எடுத்துச் சொல்லுவா. நான் அதை என் கடைக்கு மாத்தித்தான் புரிஞ்சுக்கிட்டேன். பகல்ல வர்ற சரக்கெல்லாம் மொதல்ல முன் கவுண்டர் பக்கத்துல பெட்டியா எறங்கும். அங்க இடம் கம்மி. கடை அடைச்ச பெறகு யாராவது அதைப் பிரிச்சு உள்ள ரேக்குல அந்தந்த எடத்துல வெக்கணும், இல்லேன்னா மறுநாள் வர்ற பெட்டி அதுக்கு மேல ஏறிரும், கீழ இருக்கிறது நசுங்கிரும். மூளையில அந்த முன் கவுண்டருக்குப் பேரு ஹிப்போகேம்பஸ். உள் ரேக்கு மேல இருக்கிற கார்டெக்ஸ். பகல்ல நடந்ததை ஹிப்போகேம்பஸ் தூக்கத்துல திரும்ப ஓட்டிப் பாக்குது. 1994-ல எலியை வெச்சு இதைக் காட்டிட்டாங்க, பகல்ல ஒரு எடத்துல நடந்தப்ப எந்தெந்த மூளை செல்லு சேந்து வேலை செஞ்சுச்சோ, தூங்கும்போதும் அதே செல்லுங்க சேந்து வேலை செய்யுது. அந்த மெதுவான மலை அலை உச்சிக்கு வர்ற நேரத்துல கதிர் வந்து உக்காரணும், அப்பத்தான் பெட்டி ரேக்குக்கு மாறுது. எனக்கு பழசு போகாததுக்கும் புதுசு நிக்காததுக்கும் இதுலதான் பதில் கிடைச்சது. ரேக்குல இருக்கிறது பத்திரமா இருக்கு, ராத்திரி அடுக்க வேண்டிய ஆளைத்தான் மணிக்கு 34 தடவை கூப்ட்டு "சும்மாதான் கூப்ட்டேன்"னு அனுப்பியிருக்கேன்.

வயசானா இது தானாவே கொறையும்ங்கிறதும் உண்மை. மெதுவான அலை உண்டாகுறது பெரும்பாலும் நெத்திக்குப் பின்னாடி இருக்கிற பகுதியில, வயசாக ஆக அந்த எடம்தான் மெலியுது. 2018-ல கலிபோர்னியாவுல பெர்க்லி யுனிவர்சிட்டியில இளவட்டம் 20 பேரு, வயசானவங்க 32 பேருக்கு வார்த்தை ஜோடி மனப்பாடம் பண்ண வெச்சு, தூங்க வெச்சு, காலையில கேட்டிருக்காங்க. வயசானவங்களுக்கும் கதிர் வருது, அலையும் வருது, ஆனா கதிர் உச்சிக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருது. தவில்காரரு தாளம் விழறதுக்கு முன்னாடியே தட்டிட்ட மாதிரி. அந்த நேரம் எவ்வளவு தப்புதோ அவ்வளவு மறதி. அதனால என் டாக்டரும் தெளிவா சொல்லிட்டாரு, "வயசு எடுத்துக்கிட்டதை நான் திருப்பித் தர முடியாது, மூச்சு எடுத்துக்கிட்டதை மட்டும் பாக்கலாம்"னு.

மக இன்னொண்ணும் சொன்னா, அதுதான் எனக்கு ரொம்ப ஒறைச்சது. அமெரிக்காவுல பிரேமிங்காம்னு ஒரு ஊரு, அங்க வருசக்கணக்கா ஊர்க்காரங்களைப் பின்தொடந்து பாக்குறாங்க. அதுல 60 தாண்டுன 346 பேருக்கு சில வருச இடைவெளியில ரெண்டு தடவை தூக்க டெஸ்ட் எடுத்து, அப்புறம் யாருக்கு டிமென்சியாங்கிற மறதி நோய் வருதுன்னு பாத்திருக்காங்க. 2023-ல வந்த ரிசல்ட்டு, ஆழ்ந்த தூக்கம் வருசத்துக்கு 1 சதவீதம் கொறைஞ்சா டிமென்சியா வர்ற வாய்ப்பு 27 சதவீதம் கூடுது. பிரிட்டன் அரசு ஊழியர் கிட்டத்தட்ட 8,000 பேரை 25 வருசம் பாத்த ஆராய்ச்சியிலயும் அம்பது, அறுபது வயசுகள்ல ஆறு மணி நேரமோ அதுக்குக் கீழயோ தூங்குனவங்களுக்கு வாய்ப்பு 30 சதவீதம் போல கூடுதல். ஆனா தூக்கம் கெட்டதால நோய் வந்துச்சா, நோய் உள்ள ஆரம்பிச்சதால தூக்கம் கெட்டுச்சான்னு இதை வெச்சு மட்டும் சொல்லிற முடியாது. தூக்கத்துலதான் மூளை தன் குப்பையைக் கழுவுதுன்னு 2013-ல எலிகிட்ட கண்டுபிடிச்சாங்க, வாட்ஸ்அப்ல எல்லாரும் பரப்புறாங்களே அதுதான். 2024-ல இன்னொரு குழு அதே எலிகிட்ட பாத்துட்டு தூக்கத்துல கழுவுறது கொறையுதுன்னே சொல்லிட்டாங்க, சண்டை நடந்துக்கிட்டு இருக்கு. கழுவுற கதை எப்படி முடிஞ்சாலும் சரி, அடுக்குற கதை எனக்குப் போதும்.

இனி மாத்திரை விசயம், இது என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் நீளமா சொல்றேன். ரெண்டு வருசமா நான் ராத்திரி ஒரு அலர்ஜி மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தேன், தூக்கம் வரும்னு. கடையிலயே இருக்கு, கேக்க ஆளில்ல. பெனிரமைன், குளோர்பெனிரமைன், டைபென்ஹைட்ரமைன் இந்த மாதிரி பழைய ரக அலர்ஜி மருந்தெல்லாம் தூக்கம் வரவெக்கிறது நெசம்தான், ஆனா ஞாபகத்துக்கு வேணுங்கிற அசிட்டைல்கோலின்ங்கிற மூளை ரசாயனத்தையும் சேத்து அமுக்கும். வயசானவங்களுக்கு வேணாம்னு அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கத்தோட பட்டியல்லயே இருக்கு. அசிட்டைல்கோலினை அமுக்கும்ங்கிறது நானும் படிச்சதுதான், டிப்ளமோவுல. அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரைங்க இன்னும் வேடிக்கை, அதைப் போட்டா கதிர் எண்ணிக்கை கூடும், மெதுவான அலை கொறையும். கணக்குல எட்டு மணி நேரம் தூங்குன மாதிரி இருக்கும், பெட்டி பெட்டியாவே கெடக்கும். என்னைய மாதிரி மூச்சு நிக்கிற ஆளுக்கு ஆபத்தும் கூட. நான் அலர்ஜி மாத்திரையை டாக்டர்கிட்ட ஒத்துக்கிட்டு நிறுத்துனேன். ஆனா மாசக்கணக்கா அல்பிரசோலம் எடுக்கிறவங்க இதைப் படிச்சுட்டு இன்னைக்கு ராத்திரியே நிறுத்திராதீங்க, டக்குனு விட்டா வலிப்பு வரைக்கும் போகும், டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா எறக்கணும்.

எனக்கு எழுதுனது சீபேப் மிஷின். மூக்குல மாஸ்க்கு, குழாய் வழியா காத்து வந்து தொண்டையை மூட விடாம பாத்துக்கும். 1981-ல ஆஸ்திரேலியாவுல கண்டுபிடிச்சதாம். மொத மூணு வாரம் நரகம். மாஸ்க்கு நழுவி கண்ணுல காத்து அடிக்கும், வாய் காஞ்சு போகும், பேரன் வீடியோ கால்ல பாத்துட்டு "தாத்தா யானை"ன்னான். ரெண்டு தடவை கழட்டி எறிஞ்சேன். மிஷினை எடுத்ததும் வாங்காதீங்க, மொதல்ல வாடகைக்கு எடுங்க, மாஸ்க்கு ரகத்தை மாத்தி மாத்திப் பாருங்க, எனக்கு மூணாவது மாஸ்க்குதான் சேந்துச்சு. பகல்ல டிவி பாக்கும்போது அரை மணி நேரம் மாட்டி உக்காந்து பழகுனது நல்லா உதவுச்சு. தண்ணி டப்பாவுல டிஸ்டில்டு வாட்டர்தான், குழாத் தண்ணி ஊத்துனா எங்க ஊரு தண்ணிக்கு ஒரே வாரத்துல வெள்ளையா படிஞ்சிரும். கரண்டு போனா மிஷின் நிக்கும், அதனால இன்வெர்ட்டர் லைன்ல போட்டேன்.

மாஸ்க்கு மட்டும் போதல. கடையை ஒம்பதரைக்கு அடைக்க ஆரம்பிச்சேன், யாவாரம் கொஞ்சம் போச்சுதான், கடைசி ஒரு மணி நேரத்துல ஒண்ணும் பெரிசா வித்துரல. எங்க பக்கம் மத்தியானம் கடை அடைச்சு ரெண்டு மணி நேரம் கட்டையைச் சாய்ப்போம், அதை மூணு மணிக்கு முன்னாடி இருவத்தஞ்சு நிமிசம்னு சுருக்கச் சொன்னாரு, இல்லேன்னா ராத்திரிக்கு வேணுங்கிற தூக்கப் பசி தீந்து போயிருமாம். சாயங்காலம் ஆறு மணி காபியை விட்டேன், இதுதான் எல்லாத்துலயும் கஷ்டம், காபி குடிச்சு அஞ்சு மணி நேரம் கழிச்சும் அதுல பாதி ஒடம்புலயே இருக்கும்னு மக சொன்னப்ப நம்பல. நாலரை மணி எந்திரிப்பும் போச்சு. ஆழ்ந்த தூக்கம் ராத்திரி முன் பாதியிலயும், கனவுத் தூக்கம் பின் பாதியிலயும் அதிகம், நான் பன்னெண்டுக்குப் படுத்து நாலரைக்கு எந்திரிச்சப்ப அந்தப் பின் பாதியையே மொத்தமா வெட்டி எறிஞ்சிருக்கேன். இப்ப பத்தரை டூ அஞ்சரை.

ஒரு சின்ன சோதனையும் பண்ணிப் பாத்தேன். புதுசா வர்ற பேரு பத்தை ஒரு நோட்டுல எழுதி, ஒரு வாரம் காலையில கடை தொறந்ததும் படிப்பேன், இன்னொரு வாரம் ராத்திரி கடை அடைக்கும்போது படிப்பேன், பன்னெண்டு மணி நேரம் கழிச்சு பையன் கேப்பான். ராத்திரி படிச்ச வாரத்துல ஏழு எட்டு நிக்குது, காலையில படிச்ச வாரத்துல நாலு அஞ்சு. மககிட்ட சொன்னா சிரிக்கிறா, "அப்பா இதை 1924-லயே கார்னெல்ல ரெண்டு ஸ்டூடன்ட்ட வெச்சு பண்ணிட்டாங்க, அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டை மனப்பாடம் பண்ண வெச்சு, தூங்குனா கம்மியா மறக்குதுன்னு"ங்கிறா. சரி, நூறு வருசம் லேட்டு. இப்பவும் புதுப் பேரு லிஸ்ட்டை ராத்திரி ஷட்டர் போடுறதுக்கு முன்னாடிதான் பாக்குறேன்.

தூக்கத்துக்குன்னு போன் ஆப்பு, வாட்ச்சுன்னு நெறைய விக்கிறாங்க. வாட்ச்சு காட்டுற ஆழ்ந்த தூக்கக் கணக்கை நம்பி மனசைக் கெடுத்துக்காதீங்க, அதுக்கு தலையில வயர் கிடையாது, கை அசைவையும் நாடியையும் வெச்சு ஊகம் பண்ணுது. பிங்க் நாய்ஸ்னு மழை பெய்ற மாதிரி ஒரு சத்தம், அதைக் கேட்டா ஞாபகம் கூடும்னு ஒரு பேச்சு இருக்குல்ல, 2017-ல 60-லருந்து 84 வயசு வரை 13 பேருக்கு பண்ணி முன்னேற்றம் வந்தது வாஸ்தவம். ஆனா அங்க மிஷின் மூளை அலையைப் பாத்துக்கிட்டே இருந்து அலை ஏறுற நேரத்துக்குச் சரியா சத்தத்தை விட்டுச்சு. போன்ல ராத்திரி பூரா ஓட விடுறது அது இல்ல.

எட்டு மாசம் கழிச்சு டாக்டர் திரும்ப அந்த முப்பது மார்க்கு டெஸ்ட்டை வெச்சாரு, வார்த்தையெல்லாம் மாத்தி. 27. அஞ்சுல நாலு வந்துச்சு. அந்த அஞ்சாவது இன்னைக்கு வரைக்கும் வரல. கவுண்டர்ல இப்பவும் தப்பு நடக்குது, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு, பையன் இப்பல்லாம் வாய் விட்டே சிரிக்கிறான். வீட்டம்மா ஆரம்பத்துல சத்தமில்லாம தூக்கமே வரலைன்னு சொன்னா, ரெண்டு தடவை ராத்திரி எந்திரிச்சு என் நெஞ்சுல கை வெச்சுப் பாத்திருக்கா.

இப்ப தூக்க மாத்திரை சீட்டோட யாரு வந்தாலும் இந்த மாதிரி மருந்து வாங்குறவங்களைக் குறிச்சு வெக்கிற ஹெச்1 ரெஜிஸ்டர்ல பேரு எழுதும்போது ஒரு கேள்வி கேக்குறேன், குறட்டை உண்டான்னு. போன மாசம் ஒரு பெரியவரு, எழுவத்தி மூணு வயசு, மாசா மாசம் வர்றவரு. கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி, அவ போயி நாலு வருசமாச்சே"ன்னாரு. எனக்கு சட்டுனு பேச்சு வரல. அவரோட போனை வாங்கி, ராத்திரி படுக்கும்போது எந்தப் பட்டனை அமுக்கணும், எங்க வெக்கணும்னு காமிச்சுக் குடுத்தேன். அடுத்த வாரம் வந்தாரு, பட்டன் எதுன்னு மறந்துட்டாராம். திரும்பக் காமிச்சேன், பட்டனுக்கு நேரா போன் கவர்ல பேனாவால அம்புக்குறி ஒண்ணு போட்டுக் குடுத்திருக்கேன்.